பற்றறி மேல் போட்ட பழி

அக்கா,

இன்று காலை கடையைத் திறந்து, உங்கள் சைக்கிளை மூடியிருந்த சாக்கை எடுத்ததும் நல்லெண்ணெய் மணந்தது. சங்கிலிக்கு மெஷின் எண்ணெய் விடுங்கோ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். பிள்ளைகளின் தலைக்கு வைக்கிற எண்ணெய் இரும்பை மட்டும் கெடுத்துவிடுமோ என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவீர்கள். உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள், மகன் சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுக் கனடாவுக்குத் திரும்பினார். விற்றாலும் சரி, வைத்திருந்தாலும் சரி என்றார். இரண்டு மாதமாக அதைப் பார்க்கத் துணிவில்லாமல் மூடி வைத்திருந்தேன்.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில்தான் உங்கள் சைக்கிளுக்கு மோட்டர் பூட்டினேன். அதுவரை நான் மருதனார்மடத்தில் தோட்டக்காரரின் தண்ணீர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன். சைக்கிளில் நான் கைவைத்தது உங்களுடையதில்தான் முதலில். முப்பது வருடம் குடும்பநல மாதுவாக, தாய் பிள்ளைகளைப் பார்க்க ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்த முழங்கால்கள், பென்சன் எடுத்ததும் சண்டித்தனம் செய்யத் தொடங்கியிருந்தன. பஸ் படி ஏற முடியாது, இந்தச் சைக்கிளும் இல்லாவிட்டால் வீட்டோடு கிடக்கவேண்டியதுதான் என்றீர்கள்.

பூட்டியது நான், அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தது நீங்கள். காலையில் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பீர்கள். மழையில் நனைந்தால் உடனே பழைய சீலைத் துண்டால் துடைப்பீர்கள். பற்றறிக்கு ஓர் அட்டை வேறு. கிளினிக்கில் குழந்தைகளின் நிறையைக் கோடு போட்டுக் காட்டுகிற அட்டை ஒன்று மிச்சமிருந்தது. ஒவ்வொரு தரம் தூரம் போய் வந்ததும் எவ்வளவு சார்ஜ் மிஞ்சியிருக்கிறது என்று அதில் புள்ளி வைப்பீர்கள். கடைக்கு வந்தவர்களுக்கு நான் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீங்கள் கோபிக்கவில்லை. “நிறை குறையிறது கண்ணுக்குத் தெரியாது தம்பி, கோட்டிலதான் தெரியும்” என்றீர்கள்.

தூரம் என்றால் தொண்டைமானாறுதான். வெள்ளிக்கிழமை காலையில் அச்சுவேலி தாண்டிப் போய், உங்களோடு முன்பு வேலை செய்த தோழியைக் கூட்டிக்கொண்டு சந்நிதி முருகன் கோயிலில் மத்தியானப் பூசை பார்ப்பீர்கள். மடத்தில் சாப்பாடு. பிறகு வெயில் தாழும்வரை இரண்டு பேரும் கதை. அந்த ஒரு நாளில்தான் மிச்ச ஆறு நாளும் ஓடுகிறது என்று ஒருமுறை சொன்னீர்கள்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் உங்கள் மகன் கனடாவிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். நீங்கள் ஓட்டோ ஒன்றை வெட்டி முந்திக்கொண்டு போனதை யாரோ வீடியோவாகவே அனுப்பியிருந்தார்கள். “அண்ணை, அம்மா விழுந்தா நான் என்ன செய்யிறது? நீங்கள்தான் வேகத்தைக் குறைச்சு விடவேணும். அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றார். கடல் கடந்த பிள்ளைகளுக்கு இங்கே இருக்கிற நாங்கள்தான் கண்ணும் கையும். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், உங்கள் ஓட்டத்தைப் பார்த்து எனக்கும் பயம்தான்.

மோட்டரைக் கட்டுப்படுத்தும் கறுப்புப் பெட்டிக்குள் இரண்டு வெள்ளை வயர்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று கொழுவிவிட்டால் சைக்கிள் ஓர் அளவு வேகத்துக்கு மேல் ஓடாது. நீங்கள் ரியூப் ஒட்டத் தந்துவிட்டுச் சந்தைக்குப் போன அரை மணித்தியாலத்தில் அதைக் கொழுவிவிட்டேன்.

மறுநாளே வந்தீர்கள். சைக்கிள் முந்தி மாதிரி ஓடவில்லை என்றீர்கள். நான் குனிந்து சும்மா இரண்டு நட்டை இறுக்கிவிட்டு, பற்றறி பழுதாகிக்கொண்டு வருகிறது என்றேன். நீங்கள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினீர்கள். கோடு அப்படியே நேராகப் போனது, ஓரிடத்திலும் இறக்கமில்லை. அதைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

“அட்டை அப்பிடிச் சொல்லேல்லை. ஆனா உமக்குத்தானே தெரியும்” என்று சொல்லி அட்டையை மடித்து வைத்துக்கொண்டீர்கள்.

முப்பது வருடம் கோட்டை நம்பிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய நீங்கள், அன்று என்னை நம்பினீர்கள்.

வயர் உங்கள் வேகத்தைத்தான் குறைத்தது. உங்களை நிறுத்தியது என் பொய். பற்றறி நடுவழியில், ஆளில்லாத வெளியில் நின்றுவிட்டால் இந்த முழங்காலோடு என்ன செய்வது என்று தொண்டைமானாற்றுப் பயணத்தை விட்டுவிட்டீர்கள். ஆஞ்சநேயர் கோயில், சந்தை, வீடு. அதோடு சரி. பெரிய பற்றறியாக ஒன்று எடுத்துத் தாரும் என்றீர்கள். அதைப் பூட்டினாலும் சைக்கிள் இதே வேகத்தில்தான் ஓடும், என் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே கொழும்பில் சொல்லியிருக்கிறேன் என்றேன். சரக்கு இன்னும் வரவில்லை என்றேன். வாற கிழமை என்றேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு மூன்று மாதம் ஓடியது.

அந்த வயரைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். கழற்றினால் பழைய பற்றறியிலேயே சைக்கிள் பறக்கும், நான் பொய்யன் என்று தெரிந்துவிடும். முதலில் உங்கள் உயிருக்குப் பயந்தது உண்மை. பிறகு நான் காப்பாற்றியது என் முகத்தைத்தான்.

பிறகு ஒரு நாள் விடிய, படுத்த பாயிலேயே போய்விட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள். சைக்கிளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். செத்தவீட்டில் ஆட்கள் இருக்க நான் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது, உங்கள் தோழி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. “ஒவ்வொரு வியாழனும் போன் எடுப்பா. பற்றறி வந்திடும், அடுத்த வெள்ளி வாறன் எண்டுவா. முகம் பாத்து மூண்டு மாசம்.” கையிலிருந்த கதிரையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

இன்று வெள்ளி. பெட்டியைத் திறந்து வயர்களைக் கழற்றி, பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றினேன். கடையைப் பூட்டிவிட்டு உங்கள் சைக்கிளிலேயே தொண்டைமானாற்றுக்குப் போனேன். போகிற வழியில் பற்றறி ஓரிடத்திலும் தளரவில்லை, அக்கா. உங்கள் கோடு சொன்னதுதான் சரி.

தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் கேட்டதை, நான் கொழுவியதை, கொழும்பில் சொல்லாத பற்றறியை. அவர் எழும்பித் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினார். பிறகு சொன்னார்.

“உண்மையைச் சொல்லியிருந்தா, உமக்கு நல்லா ஏசிப்போட்டு, அடுத்த வெள்ளி இஞ்சை வந்திருப்பா.”

அவ்வளவுதான். ஓர் ஏச்சு. அதற்குப் பயந்து உங்கள் வெள்ளிக்கிழமைகளை எல்லாம் நான் தின்றுவிட்டேன். தோழியாவது ஏசுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் போலிருக்கிறது. அவர் தேத்தண்ணி தந்து, வெயில் தாழ்ந்ததும் பார்த்துப் போகச் சொல்லி அனுப்பிவைத்தார். உங்கள் வாயால் நான் வாங்கியிருக்கவேண்டிய ஏச்சை இனி வேறு யாராலும் தரமுடியாது. வாங்காத அந்த ஏச்சைத்தான், அக்கா, நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.