கெண்டைக்காலுக்கு ஓர் உருட்டுக்கட்டை

என்னங்க,

உங்களைத்தான். பெயர் சொல்லி நான் உங்களைக் கூப்பிட்டதேயில்லை, இப்போதும் மாட்டேன். கூப்பிட்டால் உள்ளிருந்து ஒரு "ம்" வருமே, அது இல்லாமலே ஐப்பசி போய், கார்த்திகை போய், தையும் பிறந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துக்குப் போகிற சந்தில் அதே போர்ஷனில்தான் இருக்கிறோம். மகளுக்குப் பாவாடையெல்லாம் குட்டையாகிவிட்டது. பக்கத்துப் போர்ஷன் பங்கஜம் அக்கா தினமும் வந்து மூக்கைச் சிந்துகிறார். துக்கம் கேட்க வருகிறாரா, என் அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வருகிறாரா?

"உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல மரகதம்?" என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் குணத்தை எனக்குக் கொடுத்தது யார்? எங்கள் மணப்பாறையில் சந்தைக்குப் போனால் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்போம். சந்தேகமெல்லாம் அதோடு சரி. உங்களுக்குக் கழுத்தை நீட்டிய பிறகுதான் இப்படி ஆனேன்.

கல்யாணமான புதிதில் விடிவதற்கு முன்பே எழுந்து கிளம்பிவிடுவீர்கள். எங்கே என்றால் "ஆத்துக்கு" என்பீர்கள். குளிக்கப் போகிற மனுஷன் துண்டை விட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து எதையோ துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போவானேன்? திரும்பி வரும்போது தலை காய்ந்திருக்கும். காலெல்லாம் நல்லெண்ணெய் வாசனை.

ஒருநாள் பெட்டியைப் பூட்ட மறந்துவிட்டீர்கள். துணியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி. அதில் எலுமிச்சம்பழம் அளவில் மர உருளைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. இரண்டு முனையிலும் கைப்பிடி. கூடவே ஒரு மரப்பந்து. எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஏதோ செய்வினைச் சாமான் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வாரமே பங்கஜம் அக்காவின் செப்புக்குடம் காணாமல் போனது. "திருடனுங்க உடம்பெல்லாம் எண்ணெயைப் பூசிட்டுத்தான் வருவானுங்களாம். பிடிச்சா வழுக்குமாம்" என்று அவர் கிணற்றடியில் சொன்னதும் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் உங்கள் பின்னாலேயே வந்தேன். வந்ததற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

கொள்ளிடத்து மணலில் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, அரைக்கால் சட்டையோடு ஓட ஆரம்பித்தீர்கள். யாரும் துரத்தவில்லை. போய்த் திரும்பி, மறுபடி போனீர்கள். திடீரென்று இடது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். கெண்டைக்காலில் எண்ணெயைத் தடவி, அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் கீழுமாக உருட்டினீர்கள்.

"என்ன இது?" என்று எதிரில் வந்து நின்றேன். பேயைப் பார்த்தது போல் விழித்தீர்கள்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. வொர்க் ஷாப்பில் உங்கள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு மைல் ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவனுக்கு நிரந்தரம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். உங்கள் காலோ ஓட ஓட முடிச்சு முடிச்சாக இறுகிக்கொண்டிருந்தது.

"கடைசல் மெஷின்ல நானே கடைஞ்சது மரகதம். அழுத்தி உருட்டினா இளகிடும். பந்தைப் பாதத்துக்கு அடியில போட்டு மிதிச்சு உருட்டணும். யார்கிட்டயும் மூச்சு விடாதே. கால் சரியில்லைன்னு தெரிஞ்சா பந்தயத்துல சேர்க்க மாட்டாங்க. அதுவும் துரைராஜ் காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்."

துரைராஜ் உங்களோடு வேலை பார்த்தவர், உங்களுக்கு இளையவர். நம் சந்திலேயே குடியிருந்தார். உங்களை ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள்.

நான் உடனே நம்பிவிடவில்லை. கட்டையை வாங்கி என் காலிலேயே உருட்டிப் பார்த்தேன். முதலில் உயிர் போனது. கொஞ்ச நேரத்தில் சுகமாக இருந்தது. பாதி நம்பினேன்.

மீதியை நம்புவதற்குள் ஏட்டு வந்துவிட்டார். அந்தக் காலத்து அரைக்கால் காக்கிச் சட்டை, கையில் லத்தி. "இங்க ஒருத்தன் உருட்டுக்கட்டை வச்சிருக்கானாமே? விடியறதுக்கு முன்னாடி எண்ணெயைப் பூசிக்கிட்டுக் கிளம்புறானாமே?" என்றார். பெட்டியைத் திறந்து கட்டையை எடுத்து முற்றத்தில் போட்டார். சந்தே திரண்டு நின்றது.

"என்னடா இது?" என்று ஏட்டு கேட்கிறார். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். கூட்டத்தில் துரைராஜ் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் பந்தயம் போகும். திறக்காவிட்டால் மானம் போகும். மானம் போனால் போகட்டும் என்று நின்றீர்கள் பாருங்கள், அன்றைக்கு எனக்கு வந்த கோபம்!

"அது காலுக்குங்க" என்றேன்.

"காலுக்கா? கட்டைய வச்சு அடுத்தவன் காலை உடைக்கவாம்மா?" சந்தே சிரித்தது.

நான் முற்றத்தில் உட்கார்ந்தேன். "காலை நீட்டுங்க" என்றேன் உங்களிடம். புதுப்பெண், அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில், புருஷன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் தடவினேன். பங்கஜம் அக்கா "ஐயே" என்றது காதில் விழுந்தது. கட்டையை வைத்து அழுத்தி உருட்டினேன். நீங்கள் "அம்மா!" என்று அலறினீர்கள். ஏட்டு குனிந்து உங்கள் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கே" என்றார். "இவர் ஓட்டக்காரருங்க. வொர்க் ஷாப்புல கேட்டுப் பாருங்க" என்றேன். லத்தியால் கட்டையை ஒரு தரம் உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

துரைராஜ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நழுவினார். உங்கள் கால் விஷயத்தை வொர்க் ஷாப்பில் அவர் சொல்லவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கையில் கிடைத்ததை ஏன் விட்டார்?

பந்தயத்தன்று முந்தானையைக் கடித்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நின்றேன். கடைசி வளைவில் துரைராஜ் உங்களுக்கு ஒரு கை தூரம் பின்னால் வந்தார். நீங்கள் கயிற்றைத் தொட்டீர்கள், வேலை நிரந்தரமானது. அடுத்த வருஷம் அவருக்கும் ஆனது. சித்திரையில் கிணறு வற்றித் தூர் வாரியபோது செப்புக்குடம் சேற்றிலிருந்து வந்தது. "திருடினவன் பயந்து போட்டிருப்பான்" என்றார் பங்கஜம் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றிலிருந்து நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். ஏட்டுக்கு யார் சொன்னார்கள்? "துரைராஜாத்தான் இருக்கும்" என்பேன். "சீ, அவன் நல்ல பையன்" என்பீர்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் நம் வீட்டுக்கு வருவார். நீங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு காலை உருட்டிக்கொண்டு சிரிப்பீர்கள். நான் உள்ளிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். காய்ச்சல் வந்து நான்கே நாளில் உங்களைக் கொண்டுபோனபோது முதலில் தோள் கொடுத்தவரும் அவர்தான். அப்போதும் பார்த்தேன்.

போன வாரம் வந்தார். உட்காரவில்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஏட்டுகிட்டச் சொன்னது நான்தான். ரெண்டு நாள் ஸ்டேஷன்ல வச்சிருந்தா பந்தயம் எனக்குன்னு நினைச்சேன். நீங்க அண்ணன் காலை மடியில வச்சதைப் பார்த்தப்புறம் எனக்கு வேற எதுவும் செய்ய மனசு வரல."

இத்தனை வருஷத்துச் சந்தேகம் மெய்யாகிவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். "இதை அவர்கிட்ட ஏன் சொல்லல? கடைசி வரைக்கும் உங்களை நல்லவர்னே சொல்லிட்டுப் போனாரே" என்று சத்தம் போட்டேன்.

அவர் திகைத்துப் பார்த்தார். "அண்ணனுக்குத் தெரியுமே அண்ணி. ஜெயிச்ச அன்னிக்கே மைதானத்துல சொல்லிட்டேனே."

"அவர் என்ன சொன்னாரு?"

"'வீட்ல சொல்லிடாதே. அப்புறம் உனக்கு காபி கிடைக்காது'ன்னாரு."

அடுப்படிக்குள் போய்விட்டேன். உங்கள் குரலிலேயே அதைச் சொல்லிவிட்டார் அந்த மனுஷன். வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்தபோது என் கையில் ஒரு டம்ளர் காபி இருந்தது. வாங்கிக்கொண்டு அழுதார்.

கெட்டிக்காரர்தான் நீங்கள். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, என்னிடமிருந்தே இதை மறைத்திருக்கிறீர்களே! இன்னும் என்னென்ன மறைத்தீர்கள்? யார் யாரை மன்னித்தீர்கள், எனக்குத் தெரியாமல்?

துரைராஜ் தம்பிக்கு இந்த வீட்டில் எப்போதும் காபி உண்டு. அது நான் கொடுக்கும் வாக்கு. இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் மறைத்தது ஒவ்வொன்றையும் தோண்டி எடுக்காமல் விடமாட்டேன். அதுவரை உங்களை நான் சும்மா தூங்க விடப்போவதில்லை.

உங்களை இன்னமும் முழுசாக நம்பாத
உங்கள் வீட்டுக்காரி,
மரகதம்