சொல்லிட்டேன் மாமி

1994 செப்டம்பர் 6, செவ்வாய்

பின்வீட்டு ஓமானியிடம் வேலை பார்க்கும் ரஹீமா மாமி மதியம் வந்து அழுதார். மகளுக்கு அக்டோபர் 7 நிக்காஹ். விசா கொடுத்த முதலாளி, அதாவது கஃபீல், பாஸ்போர்ட்டைத் தரவில்லை. நோன்பு முடிந்து போ என்கிறானாம். நோன்புக்கு இன்னும் ஐந்து மாதம்!

"வாலிட்ட போங்க," என்றார் வாப்பா. இந்த வட்டாரத்துக்கு அரசாங்கம் அனுப்பிய அதிகாரிதான் வாலி. நிலத் தகராறு, வாய்க்கால் தண்ணீர், கஃபீல் சண்டை – எல்லாம் முதலில் அவரிடம்தான். காலையில் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். யாரும் போய்ப் பேசலாம்.

"அரபி யாரு பேசுவா?" என்றார் மாமி. வாப்பா என்னைக் காட்டினார். எட்டாவதோடு நிறுத்திவிட்டு இங்கே ஓமானுக்கு வந்து மூன்று வருடம். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கற்றுக்கொண்ட அரபி. அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நானா?

செப்டம்பர் 10, சனி

நான் பாவி.

மாமியோடு போனேன். கூடத்தில் சுவரோரமாக இருபது பேர். வாலி, "என்ன செய்தி?" என்றார். இங்கே அது வழக்கம். வீடே எரிந்தாலும் முதலில் "செய்தி ஒன்றுமில்லை, எல்லாம் நலம்" என்றுதான் சொல்ல வேண்டும். பிறகுதான் விஷயம். அதைச் சரியாகச் சொன்னேன். "சொல் மகளே," என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்போர்ட் பேச்சை எடுக்கப் பயந்துவிட்டேன். மறுபடியும் "எல்லாம் நலம்" என்றேன்.

ஸலாம் சொல்ல வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். காவா, இந்த ஊர்க் காப்பி, கொடுத்தார்கள். குமாஸ்தா ஒன்றும் எழுதவில்லை. அடுத்திருந்த கிழவர் தன் பேரீச்சந்தோப்புத் தண்ணீரைப் பற்றித் தொடங்கிவிட்டார்.

வெளியே வந்ததும், "எல்லாம் சொல்லிட்டியா புள்ள?"

"சொல்லிட்டேன் மாமி."

ஏன் அப்படிச் சொன்னேன்?

செப்டம்பர் 14, புதன்

வாலியின் ஆள் வருவான் என்று மாமி வாசலையே பார்க்கிறார். எனக்குச் சமோசா கொண்டுவந்தார். வாப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 25, ஞாயிறு

மகளுக்குப் புடவை வாங்கிவிட்டாராம். ரோஸ் கலர். "நல்லாருக்கா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்டோபர் 5, புதன்

இன்று சாயங்காலம் மாமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மாமி அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "அங்கேயே என் காதுல சொல்லிருந்தா நானே கத்திருப்பேனே புள்ள," என்றார்.

நாளையும் வெள்ளியும் வாலி அலுவலகம் லீவு. இது தெரிந்துமா இத்தனை நாள்...

அக்டோபர் 8, சனி

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று மாமி தனியாக வாலியிடம் போனார். "ஜவாஸ் மாஃபி. பிந்த் நிக்காஹ்." பாஸ்போர்ட் இல்லை, மகள் கல்யாணம் – மாமிக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான். வாலி அங்கேயே கடிதம் எழுதவைத்துக் கஃபீலைக் கூப்பிட்டனுப்பினாராம். அஸர் தொழுகைக்குள் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது.

ஒரே நாள் வேலை. நிக்காஹ் நேற்று முடிந்துவிட்டது.

அக்டோபர் 22, சனி

மாமி ஊருக்குப் போகவில்லை. "இனிப் போயி என்ன? பிரசவத்துக்குப் போறேன்," என்கிறார்.

மாமியின் தங்கை எழுதிய கடிதம் இன்று வந்தது. மாமிக்கு வாசிக்கத் தெரியாது. எப்போதும்போல என்னிடமே கொண்டுவந்தார். பந்தல், சாப்பாடு, மாப்பிள்ளை வீட்டார் என்று வாசித்துக்கொண்டே போனேன். பிறகு இப்படி இருந்தது: "கருகமணி கட்டும்போது உம்மா எங்கேன்னு மக தேடிட்டா லாத்தா. ஒன் இடத்துல நான்தான் நின்னேன்."

நிறுத்தினேன். அந்த வரியை விட்டுவிட்டால் மாமிக்குத் தெரியவா போகிறது?

வாசித்தேன்.

"அத இன்னொரு தடவ வாசி," என்றார் மாமி.

வாசித்தேன். சத்தமாகவே.