மறுமொழி இல்லையேல் சம்மதம்

என் பக்கத்து நாற்காலி ஸ்டெல்லா அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். உங்களிடம் அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. நான் நலமாக இல்லை. பத்து நாளாக செல்போன் அடித்தாலே எழுந்து நின்றுவிடுகிறேன்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் குழுவின் பதினான்காம் விதி நிறைவேறிவிட்டது. ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று. நான்காவது ஆதரவு வாக்கு உங்களுடையது.

நீங்கள் இறந்து நாற்பதாவது நாளில் அளித்த வாக்கு.

இதை ஓரமாக நின்று படிக்கிறவர்களுக்கு நாம் யார் என்று தெரியாது. நீங்கள் குன்னூரில் நூலகர். நான் ஊட்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். மலையிலும் சமவெளியிலும் உள்ள நூலகங்கள் எல்லாம் ஒரே பட்டியலைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு நல்ல எண்ணம் யாருக்கோ வந்தது. ஒரு தமிழ் நூலின் விவரங்களை எந்த ஒழுங்கில், எந்தக் கட்டத்தில் பதிவது என்று விதி எழுத ஒரு தரக்குழு அமைத்தார்கள். வாக்குள்ள உறுப்பினர்கள் ஏழு பேர். நீங்கள் அதில் ஒருவர். நான் செயலர். செயலருக்கு வாக்கு கிடையாது. வாக்குகளை எண்ணுவதும், கூட்டக் குறிப்பு எழுதுவதும், டீயோடு கடிக்க வர்க்கி வாங்கி வருவதும் என் வேலை.

நூல் என்றால் என்ன என்று முடிவு செய்யவே நமக்கு ஓராண்டு ஆனது. நாம் எழுதிய முதல் வரையறைப்படி திருமண அழைப்பிதழ் நூலாகிவிட்டது, அகராதி நூலாகவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு துணைக்குழு. அட்டையைப் பக்கக் கணக்கில் சேர்ப்பதா என்று இன்னொரு துணைக்குழு. நீங்கள் வர்க்கியை நொறுக்கிக்கொண்டே, “அட்டையக் கிழிச்சுட்டு எடுத்துட்டுப் போறவங்களயும் அந்தத் துணைக்குழுவுல போடுங்க தம்பி, அவங்களுக்குத்தான் வெவரம் தெரியும்” என்றீர்கள். குழுத் தலைவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்றார்.

பதினான்காம் விதி வந்தபோதுதான் நீங்கள் வர்க்கியைக் கீழே வைத்தீர்கள். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, ஐ.எஸ்.பி.என். எண் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த நூலுக்குப் பட்டியலில் இடம் கிடையாது. பட்டியலில் இல்லாத நூல் அலமாரியில் இருக்கக் கூடாது; மாவட்டக் கிடங்குக்குப் போக வேண்டும். கிடங்குக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை என்பது நமக்குத் தெரியும்.

நீங்கள் மூன்று கூட்டங்களில் எதிர்த்தீர்கள். குன்னூர் நூலகத்தின் பச்சை பீரோவில் இருப்பவற்றில் பாதிக்கு இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது என்றீர்கள். கோயில் திருவிழா மலர், தேவாலய வெள்ளிவிழா மலர், தொழிற்சங்கத் துண்டு நூல், எஸ்டேட் நாடகக்குழு அச்சடித்த பாட்டுப் புத்தகம். “போட்டவங்களுக்கு எண் வாங்கணும்னு தெரியலீங்க. அதுக்காக அவங்க எழுதலைன்னு ஆயிருமா?” என்று கேட்டீர்கள். மூன்று கூட்டத்துக் குறிப்பிலும் நான் ஒரே சொல்லைத்தான் எழுதினேன்: விவாதிக்கப்பட்டது. யார் விவாதித்தார், என்ன சொன்னார் என்று எழுதினால் தலைவர் முகம் சுளிப்பார். அவர் முகம் சுளித்தால் நான் பேனாவை மூடிவிடுவேன். நான்கு ஆண்டுக் குறிப்பேட்டை இப்போது புரட்டினால், அந்தக் குழுவில் யாருமே யாரையும் எதிர்த்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு விதியும் இருக்கிறது. அது நானே எழுதியது. மின்னஞ்சல் அனுப்பினால் உறுப்பினர்கள் யாரும் பதில் போடுவதில்லை. அதனால் எந்த முடிவும் எட்டப்படுவதில்லை. ஆகவே, முப்பது நாளுக்குள் மறுமொழி வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும் என்று எழுதினேன். பெரிய அமைப்புகளிலெல்லாம் இதுதான் வழக்கம் என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நீங்கள் மட்டும் என் பக்கம் திரும்பி, “பேசாதவங்கெல்லாம் சம்மதிச்சவங்கன்னா, கல்லறைத் தோட்டம் பூரா நம்ம கட்சிதான் தம்பி” என்றீர்கள். தலைவர்கூடச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே, ஒருமனதாக ஏற்கப்பட்டது என்று எழுதினேன்.

அக்கா, அப்போது உங்களுக்கு இருமல்கூட இல்லையே?

மூன்றே நாள் மூச்சுத் திணறலில் போய்விட்டீர்கள். அடக்கம் அன்று குன்னூரில் அப்படி ஒரு மேகமூட்டம். பாதிரியாரின் குரல் கேட்டது, அவர் தெரியவில்லை. சேறு படிந்த செருப்போடு வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘நிலை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மூன்று தெரிவுகள்: செயலில் உள்ளார், விலகினார், காலமானார். மூன்றாவதைச் சேர்க்கச் சொன்னதே நீங்கள்தான். இதுக்கும் ஒரு எடம் வேணுமுங்க, எல்லாரும் ராஜினாமா கடுதாசி குடுத்துட்டா போறாங்க என்றீர்கள்.

உங்கள் பெயரில் அதைத் தேர்ந்தெடுக்க என்னால் முடியவில்லை. அன்றைக்கு மூடிவிட்டேன். மறுநாள் திறந்தேன், மூடினேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் பதினான்காம் விதியின் வாக்கெடுப்பு தானாகப் புறப்பட்டுவிட்டது. செயலில் உள்ள ஏழு பேருக்கும் மடல் போனது. உங்களுக்கும் போனது. நினைவூட்டல் மூன்று முறை போனது: அன்புள்ள உறுப்பினரே, உங்கள் மேலான கருத்தை இன்னும் எதிர்நோக்குகிறோம். முப்பது நாள் முடிந்ததும் கணினி உங்களைச் சம்மதித்தவராக எழுதிக்கொண்டு நன்றி மடலும் அனுப்பியது.

அதைப் பார்த்தது உங்கள் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அண்ணன். உங்கள் போனை இன்னும் அணைக்காமல் வைத்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, “தம்பி, ஸ்டெல்லா ஆதரவு குடுத்ததுக்கு நன்றின்னு வந்திருக்குதுங்க. எதுக்கு ஆதரவு குடுத்திருக்கா?” என்று கேட்டார். பதினான்காம் விதி என்று சொன்னேன். அவர் மெதுவாக, “அதைத்தான வேண்டாம் வேண்டாம்னு ஊட்ல கூடச் சொல்லிட்டிருந்தா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. என் விதிப்படி அதுவும் சம்மதம்தான்.

உங்கள் வாக்கை எடுத்துவிட்டால் மூன்றுக்கு மூன்று. சமமானால் விதி விழுந்துவிடும். எடுப்பதற்கு வழியும் இருக்கிறது: முடிவு வந்த பதினைந்து நாளுக்குள் செயலர் எழுத்தில் பிழையறிக்கை தர வேண்டும். பிழை யாருடையது என்று அதில் குறிப்பிட வேண்டும். பிறகு அது சுற்றறிக்கையாக எல்லா நூலகங்களுக்கும் போகும். இருபத்தெட்டு வருட வேலையில் என் பெயர் எந்தச் சுற்றறிக்கையிலும் வந்ததில்லை. நல்லதற்கும் வந்ததில்லை.

போன வாரம் கோயம்புத்தூர் போய்த் தலைவரைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். காபி கொடுத்தார். உங்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, “நாலு வருஷம் மனோகரன். மறுபடி முதல்ல இருந்தா? அம்மா இருந்திருந்தா கடைசியில ஒத்துக்கிட்டிருப்பாங்க” என்றார். ஒப்புக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். “எழுதறதுன்னா உங்க கவனக்குறைவுன்னுதான் எழுதணும். யோசிச்சுக்கங்க” என்றார். காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது பர்லியார் தாண்டி ஒரு வளைவில் பஸ் நின்றது. சாலையில் யானை. தனியாள். பலாப்பழ வாசத்துக்கு இறங்கி வந்திருக்கும். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். கண்டக்டர் உதட்டில் விரல் வைத்து, யாரும் மூச்சு விடாதீங்க என்று சைகை காட்டினார். ஐம்பது பேரும் அப்படியே இருந்தோம். யானை பஸ்ஸின் பக்கவாட்டில் உரசுவதுபோல வந்து, என் ஜன்னலுக்கு வெளியே நின்றது. அதன் கண்ணிமை மயிரை எண்ணியிருக்கலாம். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதிய விதிப்படி அந்த பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரும் யானைக்குச் சம்மதம் தெரிவித்துவிட்டோம். யாரும் சம்மதிக்கவில்லை அக்கா. பயந்திருந்தோம், அவ்வளவுதான். நான்கு வருடமாக நான் எண்ணிக்கொண்டிருந்தது எதை?

யானை போய்விட்டது. என் பயம் போகவில்லை. வேறு இடத்துக்கு மாறிக்கொண்டது.

இன்று காலையில் உங்கள் நூலகத்துக்கு வந்தேன். இந்தக் கடிதத்தை உங்கள் மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். பச்சை பீரோவுக்குப் பக்கத்தில் நான்கு சாக்குப் பைகள் தயாராக இருக்கின்றன. பதினோரு மணி வாக்கில் பார்வதியம்மா வந்தார். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர், இலங்கையிலிருந்து கைக்குழந்தையாகத் திரும்பி வந்தவர். அவருக்காக நீங்கள் எடுத்து வைத்திருந்த சைக்ளோஸ்டைல் புத்தகத்தைக் கேட்டார். எந்தக் குடும்பம் எந்தக் கப்பலில் வந்து எந்த எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் குடியேறியது என்று தாயகம் திரும்பியவர்களின் சங்கம் ஒன்று போட்ட பட்டியல் அது. ஆசிரியர் இல்லை. ஆண்டு இல்லை. அட்டையே இல்லை. மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது, தன் குடும்பம் எப்படி வந்தது என்று காட்ட அவருக்கு இருந்த ஒரே காகிதம் அதன் ஏழாம் பக்கம்தான். இப்போது இளைய மகளுக்கு வேண்டுமாம்.

நகல் எடுத்துக் கொடுத்தேன். தன் அம்மாவின் பெயர் மேல் விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டார். சாக்குப் பைகளைப் பார்த்துவிட்டு, “ஸ்டெல்லாம்மா போனதால இதெல்லாம் போகுதுங்களா ஐயா?” என்று கேட்டார்.

அவங்க போனதால இல்ல, அவங்க சம்மதிச்சதால என்று எப்படிச் சொல்வேன்? தெரியலைங்க அம்மா என்றேன். தெரியும்.

பிழையறிக்கை தர நாளைக்குக் கடைசி நாள். ஊட்டியில் பதினோரு மணிக்குக் கூட்டம். தலைவர் என் எதிரே உட்காருவார். அவர் புருவத்தை உயர்த்துவதை நினைத்தாலே எழுதிய வரியை அடித்துவிடத் தோன்றுகிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம் மட்டும் சொல்லலாம் என்று நினைத்தேன், இப்போது எல்லாரும் கேட்கட்டும். பிழையறிக்கையோடு அந்தக் கட்டத்தையும் திருத்த வேண்டும். உங்கள் எதிர்ப்பை உங்களுக்குத் திருப்பித் தர, உங்கள் சாவை நான் எழுதியாக வேண்டும். அதை எழுதாதவரை நீங்கள் எங்கோ செயலில் இருந்தீர்கள். ஏழு பேருக்கு வர்க்கி வாங்கிக்கொண்டிருந்தேன்.

என் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை இன்று மாலையே நூலகர்களின் மாத இதழுக்கு அனுப்பிவிடுவேன். இது அச்சாகும்போது கூட்டம் முடிந்திருக்கும். நான் சொன்னதைச் செய்தேனா என்று படிக்கிறவர்கள் விசாரித்துக்கொள்ளலாம். குன்னூருக்கு வந்து பச்சை பீரோவைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாளை உங்கள் பெயருக்கு எதிரே மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பேன். பிழை என்னுடையது என்று எழுதுவேன். கூட்டக் குறிப்பில் விவாதிக்கப்பட்டது என்ற சொல் இருக்காது. ‘ஸ்டெல்லா மூன்று முறை எதிர்த்தார், செயலர் மூன்று முறையும் அதை எழுதவில்லை’ என்று இருக்கும். கை நடுங்கும். நடுங்கிய கையெழுத்து செல்லாது என்று நம் விதிகளில் எங்காவது இருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை அக்கா.

உங்களைக் கேட்காமலே சம்மதிக்க வைத்த தம்பி,
மனோகரன்