வண்டியை நிறுத்தப் போன தம்பி

தம்பிக்கு,

பழைய கதையைக் கிளற எழுதவில்லை. இன்று என் கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் செய்தார்கள். இடப்பக்கம் கொழுப்பு படிந்திருக்கிறதாம். மாரடைப்பு, பக்கவாதம் வர வாய்ப்பு அதிகமாம். கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். பார்த்துக்கொள்.

ஸ்கேன் எடுத்த பெண் கழுத்தில் ஜெல்லைத் தடவிக்கொண்டே, "கூட யாரு வந்திருக்காங்க?" என்றாள். "தம்பி. வண்டிய நிறுத்தப் போயிருக்கான்" என்று வாயில் வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து கிளம்பியவள் பார்த்துவிட்டாள். "தம்பி இன்னும் வரலையா? வர்ற வரைக்கும் இருக்கேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பெண், நகரவே இல்லை.

கடைசியில் யாருடையதோ ஒரு சிவப்புக் காரைக் காட்டி, "அதோ வந்துட்டான்மா" என்று எழுந்து நடந்தேன்.

நீ இப்போது என்ன வண்டி வைத்திருக்கிறாய்?

அண்ணன்