மூக்கில் ஓட்டை உள்ள சேவல்

டெக்சாஸ்
9 அக்டோபர் 2024

மாப்பிள்ளை வெங்கடாசலத்துக்கு மச்சான் எழுதுவது.

வெட்கத்துல மூணு நாளா பேனாவைக் கடிச்சுக்கிட்டிருக்கேன். போன டிசம்பர்ல அமரில்லோவுக்கு மேலே, சர்க்கார் புல்வெளியில நீங்க சுட்டீங்களே ஒரு நீளவால் ஃபெசன்ட் சேவல், அது காட்டுச் சேவல் இல்லை. நான் வேலை பார்க்கிற வேட்டைப் பண்ணையோட கூண்டுச் சேவல். நான்தான் கொண்டுவந்து வெச்சேன்.

ஆறு மணி நேரம் என் பிக்கப் லாரியில ஸீட்டுக்குப் பின்னால சாக்குல இருந்துச்சு. வழியில "என்ன சத்தம் மச்சான்"னு கேட்டீங்க. என் வயிறுன்னு சொன்னேன். நீங்க ஷூ கட்டறதுக்குள்ள அதோட தலையை இறக்கைக்குள்ள மடிச்சு நாலு சுத்து சுத்தினேன். குழந்தை மாதிரித் தூங்கிருச்சு. புல் குத்துக்கு அடியில வெச்சுட்டு, "அந்தப் பக்கம் நடங்க"ன்னேன். காசு கட்டி பண்ணைக்கு வர்றவங்களுக்கு தினமும் காலையில இப்படித்தான் வெச்சுக் கொடுக்கறேன். பத்து நிமிஷத்துல சுட்டு, போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க.

நீங்க மட்டும்தான் "இது வேட்டை இல்லை மச்சான், கோழிக்கடை"ன்னு சொல்லிட்டு நாலு வருஷம் காட்டுச் சேவலைத் தேடி வெறுங்கையோட திரும்பினீங்க. தொண்டைப் புற்றுநோய்க்கு வெச்ச ரேடியேஷன்ல பாதி ஆளாகி வந்து நின்னப்போ எனக்கு மனசு கேக்கலை.

இப்ப ஏன் சொல்றேன்னா, தங்கச்சி போன்ல அழுதா. தொண்டை ஆபரேஷனுக்கு டாக்டர் நவம்பர் பதினாலு குறிச்சுட்டாராம். நீங்க டிசம்பர் வேட்டை முடிஞ்சுதான்னு பிடிவாதமாம். "இன்னொரு காட்டுச் சேவல் காத்திருக்கு"ன்னு பேப்பர்ல எழுதிக் காட்டினீங்களாம்.

ஒண்ணும் காத்திருக்கலை மாப்பிள்ளை. ஆபரேஷனுக்குப் போங்க. என்னைத் திட்டணும்னா எழுதித் திட்டுங்க, குரல்தான் இல்லையே.

உங்க பொண்டாட்டியோட அண்ணன்,
வெள்ளியங்கிரி


மான்மவுத் ஜங்ஷன்
18 அக்டோபர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

போன்ல பேச முடியாமப் போனதுல ஒரு லாபம், உங்க கடிதம் கிடைச்சது. உங்க தங்கச்சி நாகரத்தினம் வாசிச்சுட்டுச் சிரிச்சா. இந்த வீட்ல சிரிப்புக் கேட்டு ரொம்ப நாளாச்சு.

எனக்கு அன்னைக்கே தெரியும். மோட்டல்ல சேவலை உரிச்சது நான்தானே. அதோட மூக்குல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் ஓட்டை. கூண்டுல ஒண்ணையொண்ணு கொத்திக்காம இருக்க, கண்ணை மறைக்கிற பிளாஸ்டிக்கை மூக்குல குத்தி மாட்டுவீங்களே, அந்த ஓட்டை. பிளாஸ்டிக்கைக் கழட்டிட்டீங்க. ஓட்டையை எங்கே ஒளிப்பீங்க? முப்பது வருஷம் கோழி வளர்த்தவர் இதையா மறப்பார்? தவிர, கொக்கரிக்கிற வயித்தை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

ஏன் சொல்லலைன்னா, நான் சுட்டதும் நீங்க அதை எடுக்க ஓடினீங்க பாருங்க. அந்த ஓட்டத்தைக் கெடுக்க மனசு வரலை.

டிசம்பர்ல வரணும்னு சொன்னது சேவலுக்காக இல்லை மச்சான். ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருப்பேன்னு தெரியலை. அதுக்கு முன்னால ஒரு தடவை உங்க பக்கத்துல நடக்கணும்னு இருந்தது. குரல் போனதுல இருந்து ஆபீஸ்ல, கோயில்ல, கடையில, எங்கே போனாலும் நான் ஊமை. வேட்டையில யாரும் பேசக்கூடாது. அங்கே மட்டும் நானும் மத்தவங்களும் ஒண்ணு.

ஆனா நீங்க இவ்வளவு வெட்கப்பட்டு எழுதின பிறகு மறுக்க முடியலை. பதினாலாம் தேதிக்குச் சரின்னு சொல்லிட்டேன்.

அன்புடன்,
வெங்கடாசலம்


டெக்சாஸ்
27 அக்டோபர் 2024

மாப்பிள்ளைக்கு,

நான் அஞ்சாவது படிச்சுட்டு உங்களை ஏமாத்தினேன். நீங்க எஞ்சினியரிங் படிச்சுட்டு என்னைப் பத்து மாசம் ஏமாத்தியிருக்கீங்க. படிப்புன்னா படிப்புதான்.

போட்டின்னு வந்துட்டா நானும் விடறதில்லை. ஒரு இளஞ்சேவலைத் தனிக் கூண்டுல போட்டிருக்கேன். மூக்குல ஊசி படலை. முழு மூக்கு. இப்ப அது என் கையிலேயே தின்னுது, என் பின்னாலேயே நடக்குது. அடுத்த வருஷம் டிசம்பர்ல நீங்க வரும்போது அதுதான். ஆனா சுட வேண்டாம். விட்டுட்டு, நாம பாட்டுக்கு நடப்போம். நானும் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும்.

ஆபரேஷன் ஆனதும் கொஞ்ச நாள் குழாய் வழியாத்தான் சாப்பாடுன்னு தங்கச்சி சொன்னா. அவ வெக்கிற ரசத்தோட ருசி தெரியாமத் தப்பிச்சீங்க.

லாரியில உங்க ஸீட்டைப் பின்னால தள்ளினபடியே வெச்சிருக்கேன். யாரையும் உக்கார விடறதில்லை.

வெள்ளியங்கிரி


அமரில்லோவுக்கு மேலே, அதே புல்வெளி
7 டிசம்பர் 2024

மாப்பிள்ளைக்கு,

இதுக்கு நீங்க பதில் எழுத வேண்டியதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிச்சு, நாலு நாளைக்கு முன்னாலதான் மான்மவுத் ஜங்ஷன்ல இருந்து வந்தேன். ஆபரேஷன் நல்லாத்தான் நடந்ததுன்னு எல்லாரும் சொன்னாங்க. மூணாம் நாள் இதயம் நிக்கும்னு யாருக்குத் தெரியும். தங்கச்சி என்னைக் குத்தம் சொல்லலை. "நீ எழுதினதாலதாண்ணா அவர் ஒத்துக்கிட்டார்"னு மட்டும் சொன்னா. அதையும் நல்ல விதமாத்தான் சொன்னா.

நான் எழுதாம இருந்திருந்தா இன்னைக்கு நீங்க இங்கே நடந்துக்கிட்டிருப்பீங்க. அதுக்கப்புறம் என்ன ஆகியிருக்கும்னு டாக்டருக்கே தெரியலையாம். எனக்கென்ன தெரியும்.

உங்க மேஜை மேல அந்தச் சேவலோட வால் இறகு கண்ணாடிச் சட்டத்துக்குள்ள இருந்துச்சு. கீழே "மச்சான் வளர்த்தது"ன்னு எழுதியிருந்தீங்க. தங்கச்சி அதை எனக்குக் குடுத்துட்டா.

துப்பாக்கி கொண்டுவரலை. முழு மூக்குச் சேவலை மட்டும் கொண்டுவந்தேன். தூங்க வெக்காம, சாக்கை அவிழ்த்து அப்படியே விட்டேன். அது நின்னு சுத்திலும் பார்த்துச்சு. என் இடது பக்கத்தை உங்களுக்குக் காலியா விட்டு ஒரு மைல் நடந்தேன். வாயே திறக்கலை. நாலு வருஷமா நமக்கு முகம் காட்டாத காட்டுச் சேவல், இன்னைக்கு ரெண்டு காலடி தூரத்துல இருந்து எழுந்து பறந்துச்சு. பார்த்துக்கிட்டு நின்னேன்.

திரும்பி வந்தா, நம்ம சேவல் எனக்கு முன்னால லாரிக்கு வந்திருச்சு. கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிருந்தேன். ஏறி உங்க ஸீட்ல உக்காந்திருந்தது. குளிர்காத்து அடிக்குதேன்னு கதவைச் சாத்திட்டு ஒண்ணுக்குப் போனேன். அதுக்குள்ள அது கதவோரத்துப் பொத்தானை மிதிச்சிருக்கு. எல்லாக் கதவும் பூட்டிக்கிச்சு. சாவி உள்ளே இருக்கு.

பூட்டுத் திறக்கிறவர் அமரில்லோவுல இருந்து வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம். வெளியில நின்னு, பானெட் மேல வெச்சு எழுதறேன். சேவல் உள்ளே இருந்து என்னையே பார்க்குது. ஸீட்ல எச்சம் போட்டிருக்கு.

வெள்ளியங்கிரி