வெளியே தொங்கிய பூட்டு

மாசி 10, திங்கள்

காலையிலேயே வெயில். முதுகுளத்தூரிலிருந்து பைக்கில் இருபது நிமிடம். ஊருக்கு வெளியே புது வீடு, சுற்றிலும் மிளகாய்க் காடு. டைல்ஸ் வேலை. கையாளுக்குக் காய்ச்சல், நான் மட்டும்.

வீட்டுக்காரம்மா என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டினார். "ஆடு ஏறிரும் தம்பி. ஈரத் தரையில மிதிச்சாப் போச்சு. வத்தல் பறிச்சிட்டு ஒரு மணிக்கு வந்து தொறந்து விடுறேன்."

அதுவும் சரிதான். போன வேலையில் ஆடு மிதித்ததால் நாலு டைல்ஸ் கல்லைப் பெயர்த்துத் திரும்பப் போட்டேன். ஆனால் ஒன்றுக்குப் போக வாளி. வெட்கக்கேடு.

மாசி 11, செவ்வாய்

இன்றும் பூட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவி செல்வியிடம் சொன்னேன். பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "நாயைக் கட்டுனாக்கூட கண்ணுல படுற மாதிரி கட்டுவாங்க. போனைக் கையிலயே வச்சுக்கங்க." சரி என்றேன். போனில் தூசி ஏறும், பைக் பெட்டியில் வைக்கிறேன் என்று சொல்லவில்லை.

மாசி 12, புதன்

வலது கை தப்பியது, அதனால் எழுதுகிறேன்.

பத்து மணி. டைல்ஸ் அறுக்கும் கிரைண்டர் நழுவி இடது உள்ளங்கை கிழிந்தது. துண்டைச் சுற்றினேன், நனைந்தது. ஜன்னல் வழியே பைக் தெரிகிறது, பத்தடி. எல்லா ஜன்னலுக்கும் கம்பி. பின்கதவுக்கும் வெளித்தாழ். கத்தினேன். ஆடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேயப் போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

சுத்தியலைத் தூக்கினேன். தேக்குக் கதவு, போன வாரம்தான் பாலிஷ் போட்டது. அடிக்க மனசு வரவில்லை. அந்த நிலையிலும்!

எவ்வளவு நேரமோ, ஆட்டுக்கார அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ஏலே, உள்ள ஆரு? கிறுக்குப்பயலே, ரத்தத்தைப் பாரு!" கல்லை எடுத்துப் பூட்டில் நாலு போடு போட்டார். திறந்துகொண்டது.

ஏழு தையல்.

மாசி 13, வியாழன்

வீட்டுக்காரம்மா போனில் அழுதார். "நான் நெனைக்கவே இல்லப்பா. கை ஆறுனதும் வருவியா?"

"சாவி என் பையில இருந்தா வாரேன்க்கா."

"அப்ப ஆடு?"

"வாசல்ல தட்டி கட்டுங்க."

"சரிப்பா."

இனிமேல்:
1. சாவி என்னிடம்.
2. போன் இடுப்பில், தூசி ஏறினால் ஏறட்டும்.
3. தனியாக இருந்தால் கிரைண்டர் தொடக்கூடாது. (நடக்காது.)

சாயங்காலம் கையில் பாலிதீன் பை கட்டிக் குளிக்கப் போனேன். கதவைச் சாத்தினேன். தாழ் போட முடியவில்லை. மூச்சு முட்டியது.

"செல்வி, அங்கனயே நில்லு. ஏதாச்சும் பேசு."

ஏன் என்று கேட்கவில்லை. ரேஷன் கடையில் நடந்த சண்டையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.