பைட் போக மீதி

மாமு,

டிவியில் பேச உனக்கு இரவல் கொடுத்த வெள்ளைச் சட்டையை இன்று காலை பீரோவிலிருந்து எடுத்தேன். கைப்பட்டியில் அந்தக் கறுப்புக் கறை அப்படியே இருக்கிறது. துவைத்துப் பெட்டி போட்டுத்தான் திருப்பித் தந்தாய். நம் ஆற்றில் மிதந்த எண்ணெய் எந்தச் சோப்புக்கு மசிந்தது?

கத்திவாக்கத்தில் இறால் செத்து மிதந்த வாரம் அது. டிவிக்காரப் பெண் மைக்கோடு வந்து, "அண்ணா, ஒரு பைட் குடுங்க" என்று உன்னைக் கேட்டாள். எட்டாவதோடு இங்கிலீஷ் என்னைக் கைவிட்டிருந்தும், பைட் என்றால் பேட்டி என்று உனக்கு விளக்கம் சொன்ன மேதை நான்.

நீ நெடுநேரம் பேசினாய். பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற உன் விரல்களை விரித்து, எண்ணெய் அரித்த புண்ணைக் காட்டினாய். "சோறு பெசைய முடில தங்கச்சி, வூட்ல ஊட்டி வுடுது" என்றாய். கடைசியில் அவள், "இப்ப என்ன பண்றீங்க?" என்றாள். நீ அலுத்துப்போய்ச் சிரித்தாய்: "எறாலுக்கே லீவு வுட்டாச்சி. நாங்களும் ஜாலியா கீறோம்."

சாயங்காலம் தெருவே என் வீட்டு டிவி முன்னால். வந்தது அந்தச் சிரிப்பு மட்டும், பின்னால் காமெடிப் பாட்டு.

"பேசுனதுல ஒரு துண்டு வெட்டிப் போடுவாங்க நைனா, அதான் பைட்டு" என்றாள் என் மகள். கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப இன்னாத்துக்கு மாமு அவ்ளோ நேரம் கைய காட்டுனேன்?" என்று என்னைக் கேட்டாய். ஊருக்கே வாய் பேசுகிற நான் டிவியை அணைத்தேன்.

நிவாரணம் கேட்டு மனு கொடுக்கப் போன இடத்தில், "ஜாலியா கீறோம்னவர்தானே?" என்று அதிகாரி சிரித்தார். அதற்குப் பிறகு வெளியாள் எவரிடமும் நீ பேசவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரிடம்கூட.

உன் காரியத்துக்கு அதே பெண் வந்தாள். "அந்தக் காமெடி அண்ணனைப் பத்தி ஒரு பைட்" என்றாள்.

"அவன் பேசுன மீதிய மொதல்ல போடும்மா" என்றேன்.

"அதெல்லாம் அப்பவே அழிச்சிருப்பாங்கண்ணா."

அழித்துவிட்டார்களாம், மாமு. ஆனால் அன்று உன் பக்கத்திலேயே நின்றவன் நான். ஒரு வார்த்தை மறக்கவில்லை. இன்று அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் ஆட்டோவை எடுத்தேன். ராயபுரம் சவாரி. நீ பேசியதை உன் விரல் புண்ணிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

"சீக்கிரம் சொல்லுப்பா, எறங்கணும்" என்றார் ஏறியவர்.

வண்டியை மெதுவாக ஓட்டினேன்.